பூட்டுக்குள் அருமைநாயகம்

பெரியகல்லாற்றில் புஸ்பம் விடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு, கணினி முன் உட்கார்ந்திருக்கும் மகளின் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பாள். போன மாரியில் செத்துப்போன அவள் புருசன் அருமைநாயகம் அந்தக் கணினியில் பாதியில் விட்ட காட்ஸ் சீட்டு விளையாட்டு ஒன்று இருந்தது. இரவில் அணைத்துவைத்த கணினியைக் காலையில் மகள் திறக்கும்போது, ஒரு காட் இடம் மாறியிருக்கும். அதைப் பார்த்தால்தான் புஸ்பத்துக்கு அன்றைய பொழுது இனிக்கும். அவளுக்கோ கணினியைத் திறக்கவே தெரியாது.

ஒருநாள் மகள் தனுஷியா கணினி இயங்கத் தொடங்குமுன் வரும் பயோஸ் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டிலிருந்து வேலை செய்யிறதெண்டா இதுக்குப் பூட்டுப் போட்டே ஆகோணுமாம். இனி கணினி எழும்பயிக்கையே கடவுச்சொல் கேக்கும். தெரியாத ஆள் திறக்க ஏலா."

"அப்ப அப்பா?"

"நீங்க விளையாடிப்போட்டு அப்பாவில சாட்டாதீங்க, அம்மா."

புஸ்பம் கொஞ்சம் யோசித்தாள். "சரி மகள். எங்கட கல்யாணத் தேதியப் போடு."

"அது அப்பாவுக்கு ஒரு வருசமும் நினைவிருந்ததில்லையே!" என்று சிரித்தபடி தனுஷியா அதையே போட்டுப் பூட்டினாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று அன்றிரவு புஸ்பம் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தாள்.

காலையில் தனுஷியா சுவிச்சை அழுத்தினாள். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இரவு மூன்று தரம் கடவுச்சொல் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டும் பிழை, மூன்றாவது சரி.

தனுஷியா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

புஸ்பம் ஆறுதலாக ஒரு மிடறு குடித்தாள். "மூண்டாம் தரமாவது மனுசனுக்கு நினைவு வந்திட்டே," என்றாள்.