ஐஸ் பெட்டியோடு ஓடியவள்

"அவ கைபட்ட எதுலயும் நான் கையெழுத்துப் போடமாட்டேன் டாக்டர்."

கணக்கு வாத்தியார் சம்மதப் படிவத்தைத் தள்ளி வைத்தார். 'அவ' என்றது அந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கும் அவருடைய சொந்தத் தங்கையை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம். வாத்தியாரின் மனைவிக்குச் சினைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அறுந்தது.

"தியேட்டர் கதவு திறந்துச்சு. ஐஸ் பெட்டியோட வந்தா. என்னம்மா ஆச்சுன்னு கையைப் பிடிச்சேன். உதறிட்டு ஓடினா டாக்டர். அன்னிக்கும் அவளுக்கு வேலைதான் பெரிசு."

மனைவி போன பிறகு இந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

முன்னால் வீடு இப்படியா இருந்தது? அண்ணியும் நாத்தனாரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவருடைய குறட்டையை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவர் கோபம் மாதிரி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

"அந்தப் பெட்டியில இருந்தது உங்க மனைவியோட கட்டியிலேர்ந்து எடுத்த துண்டு," என்றார் டாக்டர். "கட்டிக்குள்ள எந்த மரபணு ஆட்டம் போடுதுன்னு அதுல இருக்கிற ஆர்.என்.ஏ. காட்டிக்கொடுக்கும். ஆனா உடனே உறைய வைக்கணும், இல்லைன்னா கெட்டுப்போயிடும். உங்க தங்கை அன்னிக்கு நின்னு பதில் சொல்லியிருந்தா, இன்னிக்கு ஆராய ஒண்ணும் மிஞ்சியிருக்காது. உங்க மனைவிக்கு மருந்து ஏன் கேக்கலைன்னு இப்பதான் பார்க்கப்போறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க சம்மதிக்கலைன்னா அதை அழிச்சிடணும்."

வாத்தியார் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒன்பது வருஷமா வாயைத் தைச்சா வெச்சிருந்தா?"

"இந்தச் சீட்டை உங்ககிட்ட காட்டவே மாட்டேன்னாங்க உங்க தங்கை. நான்தான் வற்புறுத்தி வாங்கி வெச்சேன்."

டாக்டர் நீட்டிய சீட்டில், ஆபரேஷனுக்கு முதல் நாள் மனைவி நாத்தனாருக்கு எழுதியிருந்தாள்.

'பெட்டியை நீதான் கொண்டுபோகணும். உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே, என்னைத் துண்டு போட்டு வெச்சிருக்காங்கன்னு தினம் அழுவார். உன்னைத் திட்டினா வாங்கிக்கோ. யார் மேலயாவது கோபம் இருந்தாத்தான் அந்த மனுஷன் எனக்கப்புறம் இடிஞ்சு உட்காராம நடமாடுவார்.'