ஒன்று ஏழான ரேடியோ

சின்ன விமானங்களின் ரேடியோவில் பழுதான எண்திரைகளைச் சரிசெய்வது என் பிழைப்பு. கெட்டுப்போன திரை கோடுகளை விழுங்கும். எட்டு பூஜ்யமாகும், ஏழு ஒன்றாகும். இல்லாத கோட்டைப் போட்ட திரையை நான் கண்டதில்லை.

வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி கொண்டுவந்த ரேடியோவில், ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் ஏழு நின்றது.

"எழுநூத்திப் பதினெட்டு காட்டுது அக்கா. இதோட அலைவரிசை நூத்தி முப்பத்தாறத் தாண்டாதே."

திரைக்குப் பின்னால் மின்சாரம் கடத்தும் ரப்பர் பட்டையைத் துடைத்தேன். ஏழு அசையவில்லை. எரிச்சலில் திரையையே கழற்றி மேஜையில் வைத்தேன். மின்சாரம் இல்லாத கண்ணாடியிலும் ஏழு இருந்தது. வால்யூமைத் திருகினேன்.

"உயரம் நூத்தம்பத்தேழு கோடி அடி," என்றது ஒரு குரல், கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோல. "இன்னும் ஏறிட்டிருக்கேன்."

விமானி உட்கார்ந்துவிட்டான். ஆறு வருஷத்துக்கு முன் கிளம்பித் திரும்பாத அவனுடைய அண்ணனின் குரல் அது. அண்ணன் ஓட்டிய விமானம் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறாது. ஆனால் நிமிஷத்துக்கு ஐந்நூறு அடி வீதம் ஆறு வருஷம் ஏறினால் கணக்கு சரியாக வருகிறது.

"கீழ ஒரு மேஜை விளக்கு தெரியுது. யாராவது இருக்கீங்களா?"

பதில் சொல்ல என்னிடம் மைக் இல்லை. ரேடியோவில் பேச முடியாதபோது விமானிகள் விளக்கை இருமுறை அணைத்து எரிப்பார்கள். பட்டப்பகலில் தம்பிக்காரன் என் மேஜை விளக்கை அணைத்து எரித்தான். மறுபடி அணைத்து எரித்தான்.



"பார்த்துட்டேன்டா," என்றது குரல்.