மேல்மூடி மெசின்

"ஒரு மஞ்சள் பொட்டு மிஞ்சினாலும் மெசின இண்டைக்கே கில்பட்டுக்கு ஏத்திருவேன். இப்பவே சொல்லிப்போட்டேன்," என்றாள் ஜுனைதா. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்து மஞ்சளித்துப்போன வெள்ளைச் சேலை, சட்டை, முக்காடுகளை ஒவ்வொன்றாக உதறி மெசினுக்குள் போட்டாள்.

கிணற்றடியில் கதிரை போட்டு, வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்தபடி இருந்த அவள் புருசன் முத்தலிபு சிரித்தார்.

"மக்காவுக்கு உடுத்திட்டுப் போற வெள்ளை. அதுல என்ட மெசின் மானத்த வாங்குமா, புள்ள?"

ஜுனைதா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகன் ஸப்ராஸ் கட்டாரிலிருந்து உம்றாப் பயணக் கதையை எடுத்த நாளிலிருந்து அவள் அப்படித்தான்.

படலைக்கு வெளியே சின்ன லொறியை நிறுத்திவிட்டுக் கில்பட் உள்ளே வந்து நின்றான். கற்பிட்டி முழுக்கப் பழைய இரும்பு வாங்குகிறவன். மெசின் வளவில் நிற்பதா, அவனுடைய லொறியில் ஏறுவதா என்பது இந்த ஒரு தோய்ப்பில் தீர வேண்டும்.

மெசின் ஸப்ராஸுக்கு மூத்தது. மேலே மூடி, நடுவில் தூண், கிணறு வற்றக் குடிக்கிற வயிறு. அது ஓடத் தொடங்கினால் அடுத்த வளவுக் கோழிகள் முட்டையிடுவதைப் பிற்போட்டுவிடும். உச்சமுனைக் கருவாட்டு வியாபாரி ஒருவன் ஒருமுறை தன் சாரத்தை அதில் தோய்த்துக்கொண்டு போனான். அவன் வளர்த்த பூனைகளே அவனை யாரென்று தெரியாமல் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டன. முத்தலிபு இதைப் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொல்லியிருக்கிறார், ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மெசின் குலுங்கத் தொடங்கியது.

"முத்தலிபு நானா, இப்ப கண்ணாடிக் கதவு வச்ச மெசின் வந்திருக்கு. கொஞ்சத் தண்ணி காணும். சத்தமே இல்ல," என்றான் கில்பட்.

"சத்தமில்லாம என்னத்தக் கழுவும்? ஜபார்ட பொஞ்சாதியக் கேளு. ஜபார் மௌத்தாகி அவ நாலு மாசம் பத்து நாள் இத்தாவில இருந்த நேரம், வாசப்படி தாண்டாம வெள்ளையோட குந்தியிருந்தாவே, அந்த வெள்ளையெல்லாம் மகன்ட புது மெசின்லதான் தோய்ச்சது. சாம்பல் நிறம்! பாக்கப் போன பொம்புளையள் செத்த மனிசன மறந்துபோட்டு, சேலையப் பத்தித்தான் கதைச்சிட்டு வந்தாங்க."

"நானும் போனேன்தானே," என்ற ஜுனைதா மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "அந்தச் சேலை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்கிது."

"பாத்தியா கில்பட், ஓடுற நேரத்திலயே மூடியத் திறக்கலாம். உன்ட கண்ணாடிக் கதவத் திறந்தா வீடு தண்ணி நிரம்பிக் களப்பாயிரும்!"

கில்பட் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க நல்லா மெலிஞ்சிட்டீங்க, நானா."

"சீனி குறைஞ்சா உடம்பும் குறையும். போன கிழமை பெரிய டொக்டர் ஒருத்தர்ட்டக் காட்டினோம். வயித்தில வாய்வாம். இனிப் பத்தியமே வாணாம், விரும்பினதெல்லாம் குடுங்க எண்டு இவளத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். எத்தின வருசத்துக்குப் பிறகு வட்டிலப்பம் தின்டேன் தெரியுமா? ஒரு கோப்ப முழுக்க!"

"குடுத்துவச்ச மனிசன்."

ஜுனைதா சவர்க்காரத் தூளில் இன்னும் ஒரு பிடியை அள்ளிப் போட்டாள்.

கடைசியில் மெசின் ஒரு உதறு உதறி நின்றது. ஜுனைதா முதல் சேலையை இழுத்துக் கொடியில் போட்டாள். கில்பட் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். களப்புப் பக்கம் பறந்துகொண்டிருந்த கொக்கு ஒன்று கீழே பார்த்தது. தன் நிறத்தை நினைத்து வெட்கப்பட்டு, தென்னைக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டது.

சேலைகள், சட்டைகள், முக்காடுகள் என்று கொடி நிறைந்தது. முத்தலிபு அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"எல்லாம் உன்ட உடுப்பாத்தான் இரிக்கி. என்ட வெள்ளை எங்க?"

"உங்களுக்குப் புதுசு வாங்கோணும். தைக்காத துணிதானே, ஒரு நாளில எடுக்கலாம்."

"அதுவும் சரிதான், மக்காவில ஆம்புளையளுக்கு ரெண்டு வெள்ளைத் துண்டுதானே," என்றார் முத்தலிபு.

ஜுனைதா ஒவ்வொரு கரையையும் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள், கக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"என்ன, தோத்திட்டியா?"

"தோத்திட்டேன். வெள்ளை எண்டா இதுதான் வெள்ளை. மெசின் நிக்கட்டும்."

முத்தலிபுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையணையைக் கதிரையில் விட்டுவிட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து போய், மெசினின் மூடியில் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோலத் தட்டினார்.

"கேட்டியா கில்பட்? அவ வாயாலேயே வந்திட்டு. நான் இரிக்கிற மட்டும் இது இந்த வளவ விட்டு இறங்காது! நீ வெறும் லொறியோட போ."

கில்பட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படலைப் பக்கம் திரும்பினான். ஜுனைதா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"கோவிக்காதீங்க தம்பி. என்ட இத்தா முடிஞ்ச கையோட வந்து ஏத்துங்க."