அடித்தொண்டை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி மைக் முன்னால் நிற்கிறாள். இந்தப் பக்கம் அவன் ஒலிப்பதிவுப் பொத்தான்களோடு மல்லுக்கட்டுகிறான். அடித்தொண்டையில் உறுமியே பேர் வாங்கிய டெத் மெட்டல் ராக் பாடகி அவள். பிள்ளை பெற்றபின் வரும் இந்தப் புது ஆல்பத்தில் உறுமலே கூடாதாம், வெறும் முணுமுணுப்புதானாம். ஸ்பீக்கரில் டிரம்ஸ் இடியாக இறங்குகிறது. கருவிக்குள் வரும் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பச்சை விளக்குகள், அவன் மடியில் தூங்கும் கைக்குழந்தையின் நெற்றியில் மினுங்குகின்றன. வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகிய சத்தம், குழந்தை அசையவேயில்லை. டிரம்ஸ் சட்டென்று ஓய்கிறது. அவள் முணுமுணுக்க வேண்டிய இடம். அந்த அமைதியில் ஓர் உறுமல் புரள்கிறது. "உறுமல் வேண்டாம்னு நீதானே சொன்ன?" என்று சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "நான் இன்னும் வாயே திறக்கல." மறுபடி உறுமல். பச்சை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அவன் மடி அதிர்கிறது.