பூட்டிய அறைக்குள் பதினான்கு

“பதினாலு வைரஸுங்க. நேத்தும் பதினாலு, இன்னிக்கும் அதே பதினாலு.”

அருள்குமார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். காதர்பேட்டையில் பாதி பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்ப்பவன் அவன். அவனுக்கே தலை சுற்றியது.

“நேத்து சாயங்காலம்தான தம்பி சுத்தம் பண்ணீட்டுப் போனே?” என்றார் அந்தப் பனியன் கம்பெனி முதலாளி செங்கோட்டையன்.

“ஆமாங்க. இது நெட்டுல இருந்தே பாக்குற ஸ்கேனருங்க. வைரஸ் லிஸ்ட்டெல்லாம் நம்ம மிஷின்ல இல்லீங்க, எங்கயோ ஒரு பெரிய மிஷின்ல இருக்குது. நேத்துப் பொறந்த வைரஸைக் கூடக் கண்டுபுடிச்சுரும். போறப்ப ஜீரோன்னு காட்டுச்சு, நீங்களே பாத்தீங்க.”

“அப்பறம் எப்படி?”

“அதுதானுங்க தெரியல.”

ஒரு வாரமாக இதே கூத்து. ஜெர்மனியில் பனியன் வாங்குகிற பையருக்குப் போகிற ஒவ்வொரு மெயிலோடும் வைரஸும் போகிறது. இன்னொரு முறை வந்தால் உங்கள் மெயிலையே அடைத்துவிடுவோம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

செங்கோட்டையனின் பார்வை பிரிசில்லா பக்கம் திரும்பியது. சைஸ் சார்ட் அடிப்பதும் மெயில் அனுப்புவதும் அவள்தான்.

“கண்ணு, செல்போனு கிது சொருகுனயா?”

“இல்லீங்க சார். என்ற போன்ல கம்ப்யூட்டர் ஒயரு சொருகுற ஓட்டையே இல்லீங்க.”

“பாட்டு சீடி?”

“சீடி போடறது கெட்டுப்போயி ஆறு மாசமாச்சுங்க.”

“எனக்கு அதுல சுவிட்சு போடத்தான் தெரியும். இந்த ரூமுக்குள்ள வர்றது நாம ரெண்டே பேரு. அப்ப யாரு கண்ணு?”

அவர் கத்தியிருந்தால் கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டதுதான் அவளுக்கு வலித்தது. ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

அன்று மாலை அருள்குமார் மறுபடியும் சுத்தம் செய்தான். ஜீரோ. செங்கோட்டையன் தன் கையாலேயே அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரே பூட்டைத் திறந்து, பூஜை செய்ய அறைக்குள் போனார். பிரிசில்லா வழக்கம்போல் வெளியே படியில் நின்றாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே, “நான் சர்ச்சுக்குப் போறவங்க சார்” என்று தயங்கிச் சொன்னாள். “அதுக்கென்ன கண்ணு, பூஜை முடிஞ்சதும் உள்ள வா” என்றார் அவர். இரண்டு வருஷமாக அந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உள்ளே மணி அடித்தது. சாம்பிராணி வாசமும் முருகன் பாட்டும் வெளியே வந்தன. எல்லாம் முடிந்து அவர் கூப்பிட்டதும் அவள் போய் வேலையில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு அருள்குமார் வந்தான். எப்போது கரண்ட் போகுமோ என்ற பயத்திலேயே ஒரு மணி நேரம் ஸ்கேன் ஓடியது.

பதினாலு.

செங்கோட்டையன் பூட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஏசிக்கு விட்ட ஓட்டையில் கையை விட்டும் பார்த்தார்.

“நெட்டு ஒயர் வழியா வருதோ, தம்பி?”

“அப்படி வந்தா தெனமும் ஒரே பதினாலா வருமுங்க? யாரோ கையில கொண்டாந்துதான் போடறாங்க.”



“பூஜை முடிஞ்சு, அருள் வர்ற வரைக்கும் மிஷின் முன்னாடி உக்காந்திருந்தது நீதான கண்ணு?” என்றார் செங்கோட்டையன். “அருள் இன்னிக்கும் சுத்தம் பண்ணட்டும், நான் பூட்டிக்கறேன். நாளைக்கு நீ வெளிய நிக்க வேண்டாம். பூட்டுத் தொறக்கறதுல இருந்து என்ற கண்ணு முன்னாடியே நில்லு. மிஷினைத் தொடாதே. நாளைக்கு ஜீரோன்னு வந்துச்சுன்னா, அப்பறம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. நீயே புரிஞ்சுக்கோ.”

தான் ஒன்றும் செய்யவில்லை என்று பிரிசில்லாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பதினாலு எங்கிருந்து வருகிறது என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபித்தாள். நாளைக்கும் வைரஸ் வர வேண்டும் ஆண்டவரே என்று உலகத்திலேயே அவள் ஒருத்திதான் வேண்டியிருப்பாள்.

மறுநாள் காலை. பூட்டு திறந்தது. சொன்னபடியே அவள் முதன்முறையாகப் பூஜை நேரத்தில் அறைக்குள், சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

செங்கோட்டையன் விளக்கேற்றினார். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து சுவிட்சைப் போட்டார். பிறகு முருகன் படத்தின் காலடியில் பூவுக்கு நடுவிலிருந்து, குங்குமம் அப்பிய பென் டிரைவ் ஒன்றை எடுத்து மிஷினில் செருகினார். பாட்டு ஆரம்பித்தது.

பிரிசில்லாவின் வாய் தானாகத் திறந்தது.

“டேப் ரெக்கார்டர் போன வாரம் மண்டையப் போட்டுருச்சு கண்ணு” என்றார் அவர். “மாப்பிள்ளைதான் அவிநாசியில பிரவுசிங் சென்டர்ல இதுல ஏத்திக் குடுத்தாப்ல. சொருகுனாப் போதும், தானாப் பாடுது.”

பாட்டு முடிந்ததும் அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றி, மறுபடியும் முருகன் காலடியில் பத்திரமாக வைத்தார்.

“சரி, அருளை வரச் சொல்லு. யாரு கொண்டாந்து போடறாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும்.”