சூயிக்குத் தெரிந்த கை

சூயியின் வாய் வழியாக விட்ட கறுப்புக் குழாய், வளைந்து நெளிந்து இரைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது. திரையில் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

எனக்கு நாய் பிழைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

நான் மகோக்கா. நைரோபியில் முகாமி மேடம் வீட்டுக் காவல்காரன். அந்த நாயைப் பழக்கியவனும் நான்தான். விடிந்ததிலிருந்து அது ஓங்கரித்துக்கொண்டே கிடந்தது. நானும் என் தம்பி சிமியுவும் தூக்கி வண்டியில் போட்டு மேடத்தோடு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தோம். அதே வீட்டில் அவன் பகல் காவல். நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை.

"இதோ, இங்க அடைச்சிருக்கு" என்றார் டாக்டர் செரோப்.

கறித் துணுக்குகளுக்கு நடுவே ரப்பர் கையுறையின் ஒரு விரல். முனையில் முடிச்சு. உள்ளே ஊதா நிறக் குருணை, வயலில் போடுகிற விஷம். கறிக்குள் பொதிந்து கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெருந்தீனிக்காரன் கடிக்காமல் அப்படியே விழுங்கியிருக்கிறான்.

"வர்ற வழியில கிழிஞ்சா போச்சு. யாரும் அசையாதீங்க."

குழாய் நுனியில் ஒரு சின்ன வலை விரிந்து அதை அள்ளியது. மெல்ல மெல்ல மேலே வந்தது. கிழியாமல் கிண்ணத்தில் விழுந்ததும் நான் அழுதேவிட்டேன்.

அப்புறம்தான் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மகோக்கா, அது உன் கையில தவிர வேற யார் கையிலயும் தின்னாதே?"

உண்மைதான். காவல் நாயை அப்படித்தான் பழக்குவோம். ஒரு சொல் உண்டு. பழகிய கை, அந்தச் சொல்லோடு கொடுத்தால்தான் தின்னும். மற்றவர்கள் ஆட்டுத் தொடையையே வீசினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மேடத்துக்கே அந்தச் சொல் தெரியாது.

போன மாதம் மாமனாரைப் புதைக்கப் புங்கோமாவுக்குப் போனேன். மேடமும் ஊரில் இல்லை. நாய் பட்டினி கிடக்கக் கூடாதே என்று ஒருவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

சிமியுவுக்கு. அவன் கையைப் பிடித்து சூயியின் மூக்கருகே வைத்ததே நான்தான்.

அடப்பாவி! என்னோடு ஒரே தட்டில் உகாலிக் களி தின்றவனடா நீ.

திரும்பிப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் நாயின் காலைத் தடவிக்கொண்டு நின்றான். நெஞ்சு பற்றி எரிந்தது. ஆனாலும் கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அவனே ஒப்புக்கொள்ளட்டும், அப்புறம் மேடத்தின் காலில் நானும் சேர்ந்து விழுகிறேன் என்று நினைத்தேன்.

"அந்தச் சொல் வேற யாருக்காவது தெரியுமா?" மேடம் கேட்டார்.

நான் தம்பியையே பார்த்தேன்.

சிமியு பேசினான்.

"யாருக்கும் தெரியாது மேடம். கூடப் பிறந்த எனக்கே அண்ணன் சொல்லிக் குடுத்ததில்ல."