கவிழ்த்து வைத்த அட்டை

பழைய ஜப்பானியக் கோட்டை நகரொன்றில், வாசலைக் கடந்து போகிறவர் தன் பெயர்ப்பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போவாராம், திரும்பியதும் நிமிர்த்துவாராம். 1996இல், கனடாவின் ஸ்காபரோவில் ஜப்பானிய வரலாறு படித்த மாலை வகுப்பின் பதினொரு மாணவர்களும் விளையாட்டாக அதையே அட்டைகளில் செய்துவந்தார்கள். அவர்களில் துவாரகா மட்டும் பன்னிரண்டாவதாக ஒன்று எழுதிக் கவிழ்த்து வைத்தாள். ஆறு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போய்த் திரும்பாத அண்ணாவின் பெயர். வீட்டுக்கு வரும் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே மணியடித்துக்கொண்டு வருகிறவன்.

வகுப்பு தொடங்கிய ஒன்பதாம் வாரம் அந்த அட்டை நிமிர்ந்திருந்தது.

“மாக்கஸ், உந்த அட்டையை நீயோ திருப்பினனீ?” முன் கதிரை மாணவனிடம் துவாரகா கேட்டாள்.

“எனக்கேன் உந்த வேலை? என்ர அட்டையைத் திருப்பவே எனக்கு ஞாபகம் வாறேல்லை.”

ஆசிரியை கோட்டை வரைபடத்தின் பன்னிரண்டு பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தார். அவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

துவாரகா பக்கத்துக் கதிரையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.